லாக்புக் போதாது: அல்ட்ராசவுண்ட் பார்த்து மூட்டில் ஊசி போடும் பி.ஜி. மாணவரை எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மூட்டு, வாத நோய்த் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் பி.ஜி. மாணவர்கள் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி முழங்கால், தோள், இடுப்பு மூட்டுகளில் நீர் எடுக்கவும் ஊசி போடவும் கற்கிறார்கள். இதுவரை, செய்த ஊசிகளைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் எத்தனை பதிவு இருக்கிறது என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டுவருகிறோம். ஒருவருக்கு 50க்கு மேல் பதிவு. இன்னொருவருக்கு 20கூட இல்லை, ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது. யாரைத் தனியாகச் செய்ய விடலாம் என்று எப்படி முடிவெடுப்பது? செயற்கை மாதிரிகளில் பழகும் சிமுலேஷன் லேப் வைக்க எங்களிடம் பணம் இல்லை.

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த 50 பதிவுகளில் பல, நீர் கோத்து நன்றாக வீங்கிய முழங்கால்களாக இருக்கலாம். அப்படிப்பட்ட முழங்காலில் ஸ்கேன் இல்லாமல் குத்தினாலும் நீர் வரும். இன்னும் சிலவற்றில் புரோபை, அதாவது தோல் மீது வைக்கும் ஸ்கேன் கருவியைப் பிடித்தவர் சீனியராகவும் ஊசியை மட்டும் தள்ளியவர் மாணவராகவும் இருந்திருக்கலாம். இதையெல்லாம் லாக்புக் சொல்லாது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

என்ன பார்ப்பது? ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைக் கவனியுங்கள்: திரையில் ஊசி முனை மறைந்த அந்த நொடியில் மாணவரின் கை என்ன செய்கிறது?

புரோபிலிருந்து இறங்கும் ஒலிக்கற்றையின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். புரோப் இம்மி நகர்ந்தாலும் முனை காட்சியை விட்டு வெளியே போய்விடும். தேறாத மாணவர் அப்போதும் ஊசியைத் தள்ளிக்கொண்டே இருப்பார், எங்காவது தெரியும் என்ற நம்பிக்கையில். இன்னும் சிலர் ஊசியையும் புரோபையும் ஒரே நேரத்தில் அசைப்பார்கள். அப்புறம் இரண்டில் எது விலகியது என்று அவர்களுக்கே தெரியாது. தேறியவர் ஊசியை நிறுத்திவிடுவார். ஊசி பிடித்த கை அசையாமல் இருக்க, புரோபை மட்டும் மெல்லச் சாய்த்தோ நகர்த்தியோ முனையைத் தேடுவார். கிடைக்கவில்லை என்றால் ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் புதிதாகத் தொடங்குவார். நரம்பு மரத்துப்போகும் ஊசிகளைக் கற்கும் மயக்கவியல் பயிற்சி மருத்துவர்களை வைத்து 2007ல் வெளியான அமெரிக்க ஆய்விலும் அதிகம் தென்பட்ட தவறுகள் இந்த இரண்டுதான்: ஊசி தெரியாமலே தள்ளுவது, தன்னையறியாமல் புரோபை நகர்த்துவது. மூட்டிலும் இதே கதைதான்.

ஊசி புரோபின் நீளவாக்கில் போகாமல் குறுக்கே போகும் அவுட்-ஆஃப்-பிளேன் முறையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசியின் முனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நடுத்தண்டாகவும் இருக்கலாம். முனை அதைத் தாண்டி ஆழத்தில் போயிருக்கும். “இது முனைதான் என்று எப்படித் தெரியும்?” என்று அங்கேயே கேளுங்கள். புரோபைச் சற்றே முன்னே சாய்த்து, புள்ளி மறைந்து திரும்ப வருவதைக் காட்டுபவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். முட்டிக்கு அடியில் மடித்த துணியை வைத்து 20 முதல் 30 டிகிரி வரை மடக்குகிறாரா? புரோபை அழுத்திப் பிடித்து, இருக்கும் கொஞ்ச நீரையும் பக்கவாட்டில் தள்ளிவிட்டு “நீரே இல்லை சார்” என்கிறாரா? இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, ஆனால் மதிப்பெண் தாளில் இதற்கென்று ஓர் இடம் இருப்பதில்லை. தசைநாண் மீது ஒலிக்கற்றை சாய்ந்து விழுந்தால் அது கறுத்துத் தெரியும். அதைக் கிழிசல் என்றோ நீர் என்றோ எண்ணிவிடாமல் கோணத்தை மாற்றிப் பார்க்கிறாரா? சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்க்கிறாரா? உள்ளே போன காற்று அதன் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். திரையைத் தனக்கு நேர் எதிரே வைத்துக்கொள்கிறாரா, அல்லது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரா? தோல் மீது ஊசி படும் வரை பார்வை கையில் இருக்க வேண்டும், பட்ட பிறகு திரைக்குப் போக வேண்டும். இது பழகிவிட்டவரை எதிரே நின்றாலே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இனி மதிப்பெண் தாள். புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். அறுவை சிகிச்சைப் பயிற்சிக்காக டொராண்டோவில் 1990களில் உருவான ஓசாட்ஸ் என்ற மதிப்பீட்டுத் தாள் இருக்கிறது. அல்ட்ராசவுண்டுக்கென்றே டென்மார்க் ஆய்வாளர்கள் முன்னின்று 2013ல் வெளியிட்ட ஓசாஸ் என்ற தாள் இருக்கிறது. பிரிட்டனில் பயிற்சி மருத்துவர்களை வார்டிலேயே நேரில் பார்த்து நிரப்பும் டாப்ஸ் படிவம் இருக்கிறது. மூன்றிலிருந்தும் வேண்டியதை எடுத்து ஒரே பக்கத்தில் அடக்குங்கள். செய்தாரா இல்லையா என்று டிக் அடிக்கும் பகுதி பாதுகாப்புக்கு மட்டும் போதும்: நோயாளி பெயர், எந்தப் பக்கம், ஒப்புதல், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, அலர்ஜி, புரோப் கவர், கிருமி நீக்கிய ஜெல். மற்றதெல்லாம், அதாவது காட்சி எடுக்கும் விதம், இரண்டு கைகளின் ஒத்துழைப்பு, நோயாளியோடு பேசும் விதம், ஒன்று முதல் ஐந்து வரை ஒட்டுமொத்தமாக மதிப்பிட வேண்டியவை. டிக் பட்டியல் நீண்டால் எல்லாப் படியையும் ஒப்பிக்கும் புதியவர் அதிகம் வாங்குவார், தேவையற்ற படியைத் தாண்டிப் போகும் தேர்ந்தவர் குறைவாக வாங்குவார். கனடாவில் 1999ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

பணம் இல்லை என்கிறீர்கள். கறிக்கடையில் தொடையோடு சேர்ந்த ஆட்டுக்காலை, முழங்கால் மூட்டும் தோலும் சேதமாகாமல், கேட்டு வாங்குங்கள். மூட்டுக்குள் கொஞ்சம் சலைன் ஏற்றிவிட்டால் அல்ட்ராசவுண்டில் எலும்பும் குழியும் நன்றாகவே தெரியும். முதலில் மாணவர் அந்த நீரை எடுக்கட்டும். அடுத்து, நீலச் சாயம் கலந்த சலைனை மூட்டுக்குள் செலுத்தச் சொல்லுங்கள். பிறகு கத்தியால் மூட்டைத் திறந்து பாருங்கள். நீலம் மூட்டுக்குள் இருக்கிறதா, வெளியே கொழுப்பிலும் தசையிலும் படிந்திருக்கிறதா என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், வாதமே வேண்டாம். நோயாளியிடம் நாம் ஒருநாளும் பார்க்க முடியாத விடை இது. முதலாண்டு மாணவர்கள் ஊசியைக் காட்சியில் பிடித்துப் பழக ஜெலட்டினோடு இசப்கோல் கலந்து உறையவைத்த கட்டியே போதும். இசப்கோல் சேர்த்தால் திரையில் திசுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். புரோபுக்கு உறை போடுங்கள், முடிந்ததும் முறைப்படி கிருமி நீக்குங்கள். இன்னொன்று, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தில் பதிவான மெஷினைப் பயிற்சிக்காக செமினார் ஹாலுக்குத் தூக்கிப் போகாதீர்கள். ஆட்டுக்காலை மெஷின் இருக்கும் அறைக்குக் கொண்டுவாருங்கள்.

யார் மதிப்பிடுவது என்பதும் முக்கியம். தினமும் கூடவே நிற்கும் ஆசிரியருக்கு மாணவர் மீது பாசம் இருக்கும், சில நேரம் எரிச்சல் இருக்கும். இரண்டுமே மதிப்பெண்ணைக் கெடுக்கும். நோயாளியின் ஒப்புதலோடு மெஷின் திரையையும், முகம் விழாதபடி மாணவரின் கைகளையும் பதிவு செய்து, அவர் யார் என்று தெரியாத இன்னொரு ஆசிரியரிடம் கொடுங்கள். இருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகு பேசிக்கொள்ளலாம். ஒரே நாள், ஒரே நோயாளி, ஒரே ஆசிரியர் என்று நடக்கும் தேர்வை நான் நம்புவதில்லை. தேர்ந்தவருக்கும் மோசமான நாள் உண்டு, தேறாதவருக்கும் சுலபமான முழங்கால் கிடைக்கும். மற்றபடி, நாலைந்து பி.ஜி.க்கள் இருக்கும் துறையில் தேர்ச்சி மதிப்பெண்ணைப் புள்ளியியல் போட்டுக் கண்டுபிடிக்கப் பார்ப்பது வீண்வேலை.

கைத்திறனைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது: ஊசி போடக் கூடாத நேரத்தில் நிறுத்தத் தெரிவது. இதற்காகத் தனியாகச் சில சூழல்களை வையுங்கள். ஸ்டீராய்டு நிரப்பிய சிரிஞ்சு தயாராக இருக்கிறது, எடுத்த நீரோ கலங்கலாக வருகிறது, தொற்றாக இருக்கலாம். மாணவர் ஸ்டீராய்டைத் தள்ளி வைத்துவிட்டு நீரைச் செல் எண்ணிக்கைக்கும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். நோயாளிக்கு அடுத்த மாதம் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. அதற்கு முந்தைய 3 மாதங்களில் ஸ்டீராய்டு போட்டால் தொற்று அபாயம் கூடும் என்று மாணவர் சொல்ல வேண்டும். செயற்கை மூட்டு உள்ளவர் வெறும் வலி என்று வந்திருக்கிறார். எலும்பு மருத்துவரைக் கேட்காமல் அந்த மூட்டில் ஊசி வைக்கக் கூடாது. சர்க்கரை நோயாளி என்றால் சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். முதல் மூன்றில் ஒன்றில் தவறினாலும், மற்ற இடங்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும், “இன்னும் தயாராகவில்லை” என்றே எழுதுங்கள். இந்த இடத்தில் தாராளம் காட்டினால் பாதிக்கப்படுவது நோயாளி.

இப்போது உங்கள் இரு மாணவர்கள். பதிவு எண்ணிக்கையைத் தேர்வுக்கு வருவதற்கான தகுதியாக மட்டும் வையுங்கள், தேர்ச்சியாக வைக்காதீர்கள். 20 பதிவுக்காரரின் கை நன்றாக இருக்கலாம், ஆனால் நீர் குறைவான மூட்டையும் பருமனான நோயாளியையும் அவர் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அப்படிப்பட்ட நோயாளிகளை அவருக்கு ஒதுக்குங்கள். 50 பதிவுக்காரரை ஆட்டுக்காலில் தொடங்கச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே தாள், அதே இரு ஆசிரியர்கள்.

முடிவைத் தேர்ச்சி, தோல்வி என்று எழுத வேண்டாம். நெதர்லாந்தின் ஒல்லே டென் காட்டே 2005ல் முன்வைத்த, எந்த வேலையை எவ்வளவு மேற்பார்வையோடு ஒப்படைக்கலாம் என்று பார்க்கும் முறையே இங்கே பொருந்தும். ஒவ்வொரு மூட்டுக்கும் தனியாக எழுதுங்கள். முழங்கால் கைவந்துவிட்டது என்பதற்காக இடுப்பைக் கொடுத்துவிட முடியாது. அங்கே மூட்டு ஆழத்தில் இருப்பதால் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வளைந்த புரோப் வேண்டியிருக்கும், ஊசி செங்குத்தாக இறங்குவதால் முனை மங்கும், தொடையின் பெரிய ரத்தக்குழாய்கள் உட்பக்கத்திலேயே ஓடும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் போட்டுப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. ஆக, ஒரே மாணவரின் தாளில் “முழங்கால்: தனியாகச் செய்யலாம். தோள்: ஆசிரியர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும். இடுப்பு: ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்” என்று மூன்று வரி இருக்கலாம். அந்தத் தாளை ஓ.பி.டி. செயல்முறை அறையில் ஒட்டிவையுங்கள், அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் சிஸ்டருக்கும் யார் எதைத் தனியாகச் செய்யலாம் என்று தெரிந்திருக்கும்.