‘பா’ என்றால் பால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம். அம்மா, தாத்தா, காக்கா, போ, ‘பா’ (பால்) என எட்டுப் பத்துச் சொற்கள்தான் வருகின்றன. நாங்கள் சொல்வது புரிகிறது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான். “ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்கிறார் மாமியார். நாள் முழுக்க “இது என்ன, அது என்ன” என்று கேட்டுப் பழக்குகிறேன், வாயே திறப்பதில்லை.
- வாசகி, மதுரை

பதில்: புரிந்துகொள்வதும் விரல் நீட்டுவதும் நல்ல அறிகுறிகள். ஆனால் ஆண் குழந்தைகள் பின்தங்குவது சராசரியில் ஓரிரு மாதம்தான். அதைச் சொல்லிக் காத்திருக்காதீர்கள். இரண்டு வயது நிறையும்போது 50 சொற்களாவது வேண்டும், “பால் வேணும்” என இரண்டு சொல்லைச் சேர்க்கவும் வேண்டும்.

முதல் வேலை காது பரிசோதனை. குக்கர் விசிலுக்குத் திரும்புகிறானே என்று இருந்துவிட வேண்டாம். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தால் பெரிய சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். கேட்கும் திறனைக் கருவியே அளக்கும் ஓ.ஏ.இ., பெரா ஆகிய பரிசோதனைகளுக்குக் குழந்தை பதில் சொல்லத் தேவையில்லை. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும், டி.இ.ஐ.சி. எனப்படும் அரசின் மாவட்ட மையங்களில் இலவசமாகவே பார்க்கலாம்.

அடுத்தது, அந்த “இது என்ன?” விடை தெரிந்தே கேட்கிறீர்கள், அதனால் அது அவனுக்குப் பரீட்சை. ஒரு கேள்வி கேட்டால், அவன் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி மூன்று நான்கு முறை நீங்களே சொல்லுங்கள். அவன் பார்க்காததைப் பற்றிப் பேசினால் சொல் பொருளோடு ஒட்டாது.

‘பா’ என்கிறானா? “பால் சொல்லு” என்று திருத்த வேண்டாம். “பால். பால் வேணுமா? சூடான பால்” என்று அவன் சொல்லோடு ஒன்றிரண்டு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். பிறகு நிறுத்தி, மனசுக்குள் ஐந்து முதல் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான வீடுகளில் தவறுவது இங்கேதான். இரண்டு வினாடியில் பெரியவர்களே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறோம். அவன் சொல்லைத் தேடி எடுத்து வாயைக் குவிக்க அதைவிட நேரம் பிடிக்கும். முனகலோ பார்வையோ வந்தாலும் அதுவும் பதில்தான்.

நம் வீட்டுப் பேச்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. “அதை எடுத்து அங்க வை” என்றே பேசிப் பழகிவிட்டோம். அதில் குழந்தை பிடித்துக்கொள்ள ஒரு பெயர்கூட இல்லை. “தட்டை எடு, தட்டை மேடை மேல வை, தட்டுல சோறு” என்று சொல்லிப் பாருங்கள். ஒரே சொல் தட்டு, தட்டை, தட்டுல என உருமாறுவதும் சேர்ந்தே காதில் விழும். தமிழ் இலக்கணம் குழந்தைக்கு இப்படித்தான் போய்ச் சேருகிறது. வேட்டியோ தலையணை உறையோ மடிக்கும் பத்து நிமிடமே இதற்குப் போதும். அவன் முகத்துக்கு நேரே உட்காருங்கள், டி.வி. ஓடக்கூடாது.

“சொன்னாத்தான் தருவேன்” என்று பிடித்துவைக்காதீர்கள், பேச்சே அவனுக்கு வெறுத்துவிடும். இரு கையிலும் காட்டி “இட்லியா, தோசையா?” என்று கேளுங்கள். விரல் நீட்டினாலும் “இட்லி!” என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், பிளே ஸ்கூலில் ஆங்கிலம். இரண்டரை வயது மகள் மூன்றையும் கலந்து பேசுகிறாள். தமிழை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. கலந்து பேசுவது, கைக்கு எட்டிய சொல்லை எடுப்பது, அவ்வளவுதான். மூன்று மொழிச் சொற்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். ‘பால்’, ‘ஹாலு’, ‘மில்க்’ மூன்றும் மூன்று சொற்கள். “மில்க் வேணும்” என்றால் “பால் வேணுமா? இந்தா பால்” என்று உங்களுக்குச் சரளமான தமிழிலேயே பதில் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் பேசினால் வாக்கியம் சுருங்கும், கொஞ்சலும் குறையும்.

எந்த மொழியானாலும், பேசிவந்த சொற்கள் மறைந்துபோனாலோ, ஒரு வயதுக்குப் பிறகும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.