வாசகர் கேள்வி – பதில்: மலைச் சிங்கம் எதிர்ப்பட்டால் என்ன செய்வது?

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில், சான் ஹொசே நகரில் வசிக்கிறான். வரும் மே மாதம் நானும் என் கணவரும் அங்கே சென்று சில மாதங்கள் தங்கவிருக்கிறோம். வார இறுதியில் குடும்பத்தோடு மலைப்பாதையில் நடப்பது அவர்கள் வழக்கமாம். அந்தப் பாதையின் நுழைவாயிலில் ‘மலைச் சிங்கம் நடமாடும் பகுதி’ என்று வைத்திருக்கும் பலகையை மருமகள் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். நான்கு வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு அங்கே போகலாமா? எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது?
— கும்பகோணம் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் காவிரிக்கரையில் நமக்கு உதவுகிற சில பழக்கங்கள் அந்த மலையில் உதவமாட்டா. அவற்றை மட்டும் தெரிந்துகொண்டு செல்லுங்கள்.

பூமா என்றும் கூகர் என்றும் அழைக்கப்படும் இந்த விலங்கு, கனடாவின் யூகான் பகுதி முதல் தென் அமெரிக்காவின் தென்கோடி வரை பரவி வாழ்கிறது. பெயரில் சிங்கம் இருந்தாலும் இதற்குப் பிடரி மயிர் கிடையாது; கர்ஜிக்கவும் செய்யாது. மங்கிய பழுப்பு உடலும் நீண்டு தடித்த வாலும் கொண்டு, ஏறக்குறைய நம் சிறுத்தையின் பருமனில் இருக்கும். மானே அதன் முதன்மையான இரை. மனித வாடை பட்டால் பெரும்பாலும் நம் கண்ணில் படாமல் அதுவே ஒதுங்கிவிடும். 2024 மார்ச்சில் கலிபோர்னியாவின் எல் டொராடோ மாவட்டத்தில் சகோதரர் இருவரை ஒரு மலைச் சிங்கம் தாக்கியதில் ஒருவர் உயிரிழந்தார். அந்த மாநிலத்தில் அதற்கு முந்தைய உயிரிழப்பு 2004ஆம் ஆண்டில் நேர்ந்தது. இடைப்பட்ட 20 ஆண்டுகளும் அந்த மலைப்பாதைகளில் மக்கள் நாள்தோறும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வெயிலுக்கு அஞ்சி விடியுமுன் நடப்பதும், பொழுது சாய்ந்தபின் நடப்பதும் நம் ஊர்ப் பெரியவர்களின் வழக்கம். மலைச் சிங்கம் இரை தேடிப் புறப்படுவதும் அதே இரண்டு வேளைகளிலும் இரவிலும்தான். அங்கே பகல் வெளிச்சத்தில் நடக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். தனியாக நடக்கவே வேண்டாம். உங்களில் யாருக்கேனும் முழங்கால் வலி இருந்து நடை பின்தங்கினால், இளையவர் ஒருவர் உடன் இருக்கட்டும். காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

அடுத்தது, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. தெருவில் நாய் சீறிக்கொண்டு வந்தால் நாம் சட்டென்று குனிந்து கல்லெடுப்பதுபோல் பாவனை காட்டுவோம். கல்லே இல்லாவிட்டாலும், கை தரையை நோக்கிப் போவதைக் கண்டதும் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். சிறு வயதிலிருந்தே கைக்குப் பழகிப்போன செயல் இது. யோசிப்பதற்கு முன்னரே நடந்துவிடும். மலைச் சிங்கத்தின் முன்னால் இதைச் செய்யக் கூடாது. நிமிர்ந்து நிற்கும் மனித உருவம் அதற்குப் பழக்கமான இரையைப் போல் இருப்பதில்லை. குனிந்தாலோ குத்துக்காலிட்டு உட்கார்ந்தாலோ நாம் நாலுகால் விலங்கின் உருவத்துக்கு வந்துவிடுகிறோம். அது கவ்வ விரும்பும் பிடரியும் அதற்கு எட்டும் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. எறியக் கல் வேண்டும் என்று தோன்றினால் நடக்கத் தொடங்கும்போதே இரண்டு மூன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊன்றுகோல் ஒன்று கையில் இருப்பதும் நல்லது.

ஓடவும் கூடாது. தரையில் இழுபடும் கயிற்றை வீட்டுப் பூனை எப்படித் துரத்துகிறதோ, அப்படியே ஓடுகிற எதையும் துரத்துவது இதன் பிறவிக் குணம். அதன் முகத்தைப் பார்த்தபடியே நில்லுங்கள், கண்ணை எடுக்காதீர்கள். கைகளை உயர்த்தி உருவத்தைப் பெரிதாகக் காட்டுங்கள். அங்குள்ளவர்கள் மேற்சட்டையை விரித்துப் பிடிப்பார்கள்; நீங்கள் சேலை கட்டியிருந்தால் முந்தானையை இரு கைகளாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்கலாம். உறுதியான குரலில் உரக்க அதட்டுங்கள், தமிழிலேயே அதட்டலாம். பிறகு முதுகைக் காட்டாமல், அது விலகிப் போக வழிவிட்டு, மெல்ல மெல்லப் பின்வாங்குங்கள்.

2020 அக்டோபரில் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகருக்கு அருகே மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், குட்டிகளுடன் இருந்த தாய் மலைச் சிங்கத்திடம் எதிர்பாராமல் அகப்பட்டுக்கொண்டார். ஏறக்குறைய 6 நிமிடம் அது அவரை விடாமல் பின்தொடர்ந்தது. நடுநடுவே முன்கால்களைத் தூக்கிப் பாய்வதுபோல் மிரட்டியது. அவர் திரும்பி ஓடவில்லை. அதைப் பார்த்தபடியே கத்திக்கொண்டு பின்னோக்கி நடந்தார். கடைசியில் ஒரு கல்லை எறிந்ததும் அது திரும்பி ஓடிவிட்டது. குட்டிகளிடமிருந்து அவரை அப்புறப்படுத்துவதே அந்தத் தாயின் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே, குட்டி கண்ணில் பட்டால் நின்று ரசிக்காமல் வந்த வழியே திரும்புங்கள். இலை தழையால் மூடிய மான் உடல் கிடந்தாலும் அப்படியே செய்யுங்கள். மிச்ச இரையை மூடிவைத்துவிட்டு மறுபடி வந்து தின்பது அதன் வழக்கம்.

இனி உங்கள் பேரன். உயரம் குறைவாக இருப்பதாலும் ஓடி விளையாடுவதாலும் சிறு பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். உங்கள் மகனின் ஊருக்குப் பக்கத்திலுள்ள ராஞ்சோ சான் அன்டோனியோ வனப்பூங்காவில், 2020 பிப்ரவரியில் பெரியவர்களோடு நடந்து சென்ற 6 வயதுச் சிறுமியை ஒரு மலைச் சிங்கம் தாக்கியது. கூட இருந்த பெரியவர் உடனே அதைத் தாக்கி விரட்டியதால் குழந்தை சிறு காயங்களோடு தப்பியது. கை எட்டும் தூரத்தில் பெரியவர் இருந்ததே அவளைக் காப்பாற்றியது. குழந்தையை முன்னே ஓடவும் விடாதீர்கள், பின்னே தங்கவும் விடாதீர்கள். இரு பெரியவர்களுக்கு நடுவில் கையைப் பிடித்து நடத்துங்கள். விலங்கைக் கண்டால் உடனே தூக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் முதுகை வளைக்காமல், பார்வையை அதன்மீது வைத்தபடி, முழங்காலைச் சற்று மடக்கித் தூக்க வேண்டும். இதை வீட்டுக் கூடத்திலேயே மகனும் மருமகளும் ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: கரடியைக் கண்டவன் மூச்சை அடக்கிப் படுத்துத் தப்பித்த கதையைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மலைச் சிங்கத்திடமும் அப்படிப் படுத்துக்கொள்ளலாமா?
— மன்னார்குடி வாசகர், கல்லூரி மாணவர்

பதில்: கூடவே கூடாது. படுத்துவிட்டால் கழுத்தை நீங்களே அதனிடம் ஒப்படைத்ததாகிவிடும். அது பாய்ந்துவிட்டால், முடிந்தவரை கீழே விழாமல் நின்று, கையில் உள்ள கோல், கல், தண்ணீர்ப் புட்டி என எது கிடைத்தாலும் அதைக்கொண்டு முகத்தையும் கண்ணையும் குறிவைத்துத் திருப்பித் தாக்க வேண்டும். மறு கையால் கழுத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் கொலராடோவில் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒருவர், தம்மீது பாய்ந்த இளம் மலைச் சிங்கத்தோடு போராடி அதன் கழுத்தை நெரித்தே உயிர் தப்பினார். எதிர்த்துப் போராடியவர்களை விட்டு அது விலகி ஓடிய நிகழ்வுகள் பல உண்டு.

கேள்வி: 2024இல் எங்கள் ஊருக்குள்ளேயே சிறுத்தை வந்தது. இந்த ஆண்டு திருப்பதிக்கு நடந்தே மலையேற வேண்டுதல் இருக்கிறது. சிறுத்தைக்கும் இதே எச்சரிக்கைகள் பொருந்துமா?
— மயிலாடுதுறை வாசகர்

பதில்: பெரும்பாலும் பொருந்தும். அந்த ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் செம்மங்குளம் பகுதியில் சிறுத்தை கண்காணிப்புக் கேமராவில் பதிவானதும், பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், வனத்துறை கூண்டுகளும் கேமராக்களும் வைத்துத் தேடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். மலையும் காடும் இல்லாத நம் சமவெளியில் அது அபூர்வம். திருமலை அப்படியன்று, அது சிறுத்தையின் சொந்தக் காடு.

அலிபிரி நடைபாதையில் 2023 ஜூன் மாதம் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்றபோது, அங்கிருந்தவர்கள் கூச்சலிட்டுத் துரத்தவே அவனைப் போட்டுவிட்டு ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில், இரவு நேரத்தில் பெற்றோருக்குச் சற்று முன்னே சென்ற 6 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அந்தப் பெற்றோரை நினைத்தால் மனம் பதறுகிறது. அதன் பிறகு தேவஸ்தானம், 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நடைபாதையில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. நடந்து செல்வோருக்குக் கைத்தடிகளும் வழங்கியது. இப்போதைய நேர விதிகளைப் புறப்படும் முன் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

காலையிலேயே படியேறத் தொடங்குங்கள். கூட்டத்தோடு சேர்ந்து, ‘கோவிந்தா’ என்று குரல் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள். அந்த ஒலியே ஒரு காவல். குழந்தைகளைப் படியின் ஓரத்தில், புதரை ஒட்டி நடக்க விடாதீர்கள். சிறுநீர் கழிக்கக்கூடத் தனியாக இறக்கிவிட வேண்டாம். தின்ற மிச்சத்தை வழியில் வீசாதீர்கள். அதைத் தேடி நாயும் பன்றியும் வரும், அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். சிறுத்தையைக் கண்டதாகத் தோன்றினால் கைப்பேசியில் படம் எடுக்க நிற்காமல், அருகிலுள்ள காவலரிடம் இடத்தைச் சொல்லுங்கள். பின்னால் வரும் குடும்பங்களை அவரால் கீழேயே நிறுத்திவைக்க முடியும்.