பாரம்பரியச் சுற்றுலாவால் ஓர் ஊர் எப்படி வளரும்?

பழைய வீடுகள், கோயில்கள், கைத்தொழில்கள் இவற்றைப் பார்க்க மக்கள் ஓர் ஊருக்கு வருவதே பாரம்பரியச் சுற்றுலா. வருபவர் செலவழிக்கும் பணம் உள்ளூர்க் கைகளில் தங்கினால்தான் அது ஊரின் வளர்ச்சி.

காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பர்மா தேக்குத் தூண்களும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட அவற்றைப் பராமரிக்கப் பெருஞ்செலவாகும். முடியாமல் பல வீடுகளை இடித்து, தூணையும் கதவையும் தனித்தனியே விற்றுவிட்டார்கள். நெஞ்சு பொறுக்காத இழப்பு அது. சில வீடுகள் விடுதிகளாக மாறியதால் பிழைத்தன. தச்சருக்கும் கொத்தனாருக்கும் சமையற்காரருக்கும் வேலை வந்தது.

அதே செட்டிநாட்டிலுள்ள ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதை அருகில் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடியின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவை. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் நிற்கிறது!

பழைய வீடும் மாமரம் போலத்தான். மரத்தை வெட்டி விற்றால் ஒருமுறைதான் காசு. காத்து வளர்த்தால் ஆண்டுதோறும் காய். ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுபோலச் சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு வீடுகளின் பழுதுபார்ப்புக்குத் திரும்ப வேண்டும்.

பாரம்பரியத்தைப் பாதுகாப்பது என்றால் ஊரைப் பழையபடியே உறையவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: புதிய கழிப்பறையும் மின்விளக்கும் தாராளமாக வரலாம், சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால்தான் ஈரம் உள்ளே சிக்கிச் சுவர் உதிரும்.