வாசகர் கேள்வி – பதில்: வெளிறும் பவளமும் திசு உரியும் பவளமும்

கேள்வி: என் கடல்நீர் மீன்தொட்டியில் உள்ள அக்ரோபோரா பவளம் ஒன்று அடியிலிருந்து வெண்மையாகிக்கொண்டே வருகிறது. விளக்குக்கு அருகில் மேலே வைத்திருக்கும் மாண்டிபோரா பவளமோ மொத்தமாக வெளிறிவிட்டது. சென்ற மாதம்தான் விளக்கை மாற்றினேன். இரண்டையும் ஒரே மருந்துக் கரைசலில் முக்கி எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டு பவளங்களிலும் தெரியும் வெண்மை ஒன்றல்ல. முதலில் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, மங்கலான டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும் பாருங்கள். மாண்டிபோராவின் மேல் நிறமற்ற மெல்லிய சவ்வு படர்ந்திருந்து, சிறிய பாலிப்கள் (பவளக் கூட்டில் வாழும் பூப்போன்ற சிற்றுயிர்கள்) வெளியே நீண்டிருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது; திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளை மட்டுமே அது இழந்திருக்கிறது. அக்ரோபோராவின் அடியில் சவ்வே இல்லாமல், துளைகள் துல்லியமாகத் தெரியும் சுண்ணாம்புக் கூடு மட்டும் இருந்தால் அந்த இடம் இறந்துவிட்டது. சில நாட்களில் அதன் மேல் பாசி படிவதே அதற்குச் சான்றாகிவிடும்.

வெளிறிய மாண்டிபோராவுக்கு மருந்து எதுவும் தேவையில்லை. காரணம் பெரும்பாலும் புதிய விளக்குதான். விளக்கின் வலிமையைக் குறைத்து, அல்லது பவளத்தைத் தொட்டியின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி, சில வாரங்களில் சிறிது சிறிதாகப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் நிற்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். உணவின் பெரும்பங்கை அளித்துவந்த நுண்பாசிகள் இப்போது இல்லை என்பதால், நுண்ணிய மிதவை உணவைச் சிறிதளவு அடிக்கடி கொடுப்பது உதவும். தண்ணீரை மிகச் சுத்தமாக வைத்திருப்பதாகப் பெருமைப்படும் பலரின் தொட்டிகளில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருக்கும். அதுவே பவளத்தை வெளிறச் செய்துவிடும். நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராமும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராமும் இருப்பது நல்லது.

அக்ரோபோராவின் நிலை வேறு. உயிருள்ள திசுவும் வெற்றுக் கூடும் சந்திக்கும் கோட்டைத் தினமும் ஒரே கோணத்தில் படம் எடுத்துவையுங்கள். வாரத்துக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே அது நகர்ந்தால், காரணத்தைத் தேட அவகாசம் இருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது ஆல்கலினிட்டியை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் தண்ணீரின் திறனை. அது 7 முதல் 11 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) வரை எந்த அளவில் இருந்தாலும் பவளம் பழகிக்கொள்ளும். பழகிய அளவு ஓரிரு நாட்களில் ஏறி இறங்குவதைத்தான் தாங்காது. ஆகவே அளவு குறைந்திருப்பதைக் கண்டவுடன் ஒரே நாளில் சரிசெய்துவிடத் துடிக்காமல், நாளொன்றுக்கு அரை டி.கே.எச். என்ற வேகத்தில் உயர்த்துங்கள். அளக்கும் கருவியையும் நம்பிவிடாதீர்கள்: உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்க்காமல், உப்பளவு 35 என்று குறிக்கப்பட்ட தரக் கரைசலிலும் சரிபார்க்க வேண்டும். துருப்பிடித்த காந்தமோ விரிசல் விட்ட மோட்டாரோ தொட்டிக்குள் கிடக்கிறதா என்று பார்த்து, தண்ணீரிலுள்ள மாசுகளை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாக மாற்றுவதும் அன்றே செய்யக்கூடிய வேலைதான்.

அந்தக் கோடு வாரக்கணக்கில் அல்லாமல் மணிக்கணக்கில் ஏறினால், திசு பஞ்சுபோல உரிந்து நீரோட்டத்தில் பறந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. பவளத்தை வெளியே எடுத்து, கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலே, நிறம் மாறாத திசுவினூடாகக் கிளைகளை வெட்டி, அயோடின் கரைசலில் முக்கி, தனித்தனித் துண்டுகளாகக் கெட்டியான சூப்பர் குளூவால் ஒட்டி, நீரோட்டம் நன்றாகவும் வெளிச்சம் மிதமாகவும் உள்ள இடத்தில் வையுங்கள். கோட்டை ஒட்டியே வெட்டுவது வீண் வேலை. கண்ணுக்குத் தெரியாமல் பாதிப்பு அதைத் தாண்டியிருக்கக்கூடும்.

கேள்வி: யூஃபிலியா பவளத்தின் ஒரு தலையில் (ஒரு காம்பின் நுனியிலுள்ள பாலிப்பில்) பழுப்பு நிறத்தில் கூழ் போல ஏதோ மூடியிருக்கிறது; துர்நாற்றமும் வருகிறது. தொட்டியிலேயே ஆன்டிபயாட்டிக் கலந்துவிடலாமா?

பதில்: அந்தக் கூழில் சிதைந்த திசுவோடு பாக்டீரியாக்களும், திசுவைத் தின்னும் சிலியேட் என்ற ஒற்றைச் செல் உயிர்களும் கோடிக்கணக்கில் இருக்கும். ஆகவே நீரோட்ட மோட்டார்களை முதலில் நிறுத்திவிட்டு, மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வெளியேற்றிய பிறகுதான் பவளத்தை அசைக்க வேண்டும். அது கிளைவிட்டு வளரும் வகையாக இருந்தால், நோயுற்ற தலையை அதன் வெற்றுக் காம்பிலேயே அறுத்து எறிந்துவிடுவது மற்றத் தலைகளைக் காப்பாற்றும் மிகச் சிறந்த வழி. மீதியைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய தனிப் பாத்திரத்தில், குப்பியில் குறித்துள்ள அளவில் அயோடின் கலந்து முக்கி எடுங்கள்; அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் திரும்ப ஊற்றக் கூடாது.

ஆன்டிபயாட்டிக்கைத் தொட்டி முழுவதும் கலந்தால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் சாகலாம். நோயுற்ற ஒரு தலைக்காக மீன்களையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுவதாகும் அது. 2014-இல் மயாமி கடற்பகுதியில் முதலில் காணப்பட்டு, பின்னர் கரீபியன் கடலிலும் பரவிய திசு இழப்பு நோய்க்கு, அமாக்சிசிலினைப் பசையில் குழைத்துப் புண்ணின் விளிம்பில் மட்டுமே பூசுகிறார்கள். மருந்து தேவைப்பட்டால்கூட, விலங்கு மருத்துவரின் ஆலோசனையோடு தனித் தொட்டியில் கொடுப்பதே முறை.

கேள்வி: அக்ரோபோராவில் வட்ட வட்டமாகக் கடித்த தடங்கள் இருந்தன. மருந்தில் முக்கியதும் தட்டைப்புழுக்கள் உதிர்ந்தன. ஆனால் சில வாரங்களில் மீண்டும் வந்துவிட்டன. ஏன்?

பதில்: மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டைகள் திசு இல்லாத அடிப்பகுதியில் பழுப்பு நிறக் கொத்துகளாக ஒட்டியிருக்கும். அந்த வெற்றுப் பகுதியை உடைத்து எறிந்துவிட்டு, மீதியைப் புதிய தாங்கியில் ஒட்டி, வாரம் ஒருமுறை வீதம் பல வாரங்களுக்கு முக்க வேண்டும். எல்லா அக்ரோபோராக்களையும் தனித் தொட்டிக்கு மாற்றிவிட முடிந்தால், பழைய தொட்டியில் பொரிக்கும் புழுக்கள் இரையின்றி மடிந்துவிடும்.

கேள்வி: இறந்துபோன ஜோவாந்தஸ் பவளங்கள் ஒட்டியிருந்த பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. இந்த இனப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. பாறையைக் கொதிக்கவைத்ததால் வீட்டில் இருந்த அனைவருமே மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் உண்டு. பிரஷ்ஷால் தேய்ப்பதும், வேகமாக நீரைப் பீய்ச்சுவதும்கூட ஆபத்துதான். இந்தப் பவளங்களை வெட்டும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள். அவற்றைத் தொட்ட பிறகு வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சிறுக்கம் ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சென்று, பவளத்தைக் கையாண்டதையும் நஞ்சின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.