வளையலை அடகு வைக்க வேண்டாம்

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகளுக்கு வந்த மின்னஞ்சலின் பிரதியை இரண்டு தடவை படித்தேன். "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்குகிறது. பிள்ளை இன்னும் இறுதி வருடப் பரீட்சைகூட எழுதவில்லை! சிங்கப்பூரில் நடக்கும் உயிர்த்தொழில்நுட்ப, இரசாயனவியல் மாநாட்டில் சிறப்புரை ஆற்ற வரச் சொல்கிறார்கள். ஒரு கிழமைக்குள் பதிவுக் கட்டணத்தை டொலரில் கட்டவும் சொல்கிறார்கள். கைவளையலை அடகு வைத்தாவது கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

ஒழுங்கான மாநாட்டில் முதலில் ஆய்வுச் சுருக்கம் போகும். இருநூற்றைம்பது, முந்நூறு சொற்களுக்குள் என்ன செய்தோம், என்ன கண்டோம் என்று எழுத வேண்டும். துறை தெரிந்த இருவராவது அதைப் படித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் பணப் பேச்சு. இங்கே வாழைத்தோலிலிருந்து, ஜாமை இறுகவைக்கும் பெக்டினைப் பிரித்தெடுக்கும் அவளுடைய ஆய்வைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வங்கிக் கணக்கு விபரம் மட்டும் தெளிவாக இருக்கிறது. மாணவர் ஆய்வரங்கு ஒன்றின் சுருக்கத் தொகுப்பில் அவளுடைய மின்னஞ்சல் முகவரி இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கிருந்துதான் பொறுக்கியிருப்பார்கள். அதே ஹோட்டலில், அதே இரண்டு நாட்களில், தாதியியல், பல் மருத்துவம், நனோ தொழில்நுட்பம் என்று இன்னும் பல மாநாடுகளை அவர்களே நடத்துவதாகவும் போட்டிருக்கிறது. கல்யாண மண்டபக்காரர்கூட ஒரே முகூர்த்தத்துக்கு இத்தனை வீட்டாரை ஏற்க மாட்டார்.

இந்த வியாபாரம் புதிதல்ல. ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016இல் வழக்குத் தொடர்ந்தது. சம்மதமே தெரிவிக்காத பிரபல விஞ்ஞானிகளின் பெயர்களைப் போட்டு மாநாட்டுக்கு ஆள் சேர்த்தது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2019இல் நீதிமன்றம் 5 கோடி டொலருக்கும் மேல் செலுத்தும்படி உத்தரவிட்டது. ஆகவே மாநாட்டுக் குழுவில் பெரிய பெயர்கள் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அப்படிப் பெயர் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவரின் பல்கலைக்கழக முகவரிக்கு மகளே இரண்டு வரி எழுதிக் கேட்கலாம்.

அவளுடைய ஆசையில் பிழை இல்லை. கொழும்பிலேயே வழி இருக்கிறது. 1944இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் வருடாந்த அமர்வு நடத்துகிறது. இரசாயன விஞ்ஞானத்துக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகம் இருக்கிறது. அதன் முன்னோடிச் சங்கம் இன்னும் மூத்தது, 1941இல் உருவானது. இங்கே என்றால் ரூபாயில் கட்டலாம், விமானச் செலவும் இல்லை. மாணவர் கட்டணம் இருந்தால் துறைத் தலைவரின் கடிதத்தைக் கேட்பார்கள். அதைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முன்கூட்டியே வாங்கி வைக்கட்டும்.

எங்கே அனுப்பினாலும் மேற்பார்வையாளரின் சம்மதம் முதலில் வேண்டும். ஆய்வுகூடத்தில் கிடைத்த தரவு பிள்ளையின் தனிச்சொத்து அல்ல. யார் யாருடைய பெயர் வரும், எந்த வரிசையில் வரும் என்பதை அனுப்பும் முன்பே பேசிவிட வேண்டும். இதை மறைத்து அனுப்பியவர்கள் பின்னர் சிபாரிசுக் கடிதத்துக்கு அதே வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, பதிவுப் படிவத்தில் எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும். ஒருமுறை தகப்பன் பெயரை இங்கே போடுவாள், மறுமுறை அங்கே. பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று. என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு மூன்று மாநாட்டுச் சான்றிதழ்கள் இருந்தன. மூன்றிலும் மூன்று பெயர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இது ஒரே ஆள்தானா என்று கேட்டு எழுதியது. சத்தியக் கடதாசி முடித்து அனுப்புவதற்குள் அந்த வருட அனுமதி கைநழுவிப்போனது. ஓர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மகள் இப்போதே அதை எடுத்துவைக்கட்டும்.

சான்றிதழால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெறுமனே போய் உட்கார்ந்து வாங்கிய பங்கேற்புச் சான்றிதழுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. தன் ஆய்வை முன்வைத்து, தொகுப்பில் அச்சான சுருக்கம் வேறு. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அதைப் பார்ப்பார்கள். முதல் தடவை, ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டும் போஸ்டர் போதும். பத்து நிமிடம் மேடையில் பேசுவதைவிட, போஸ்டருக்கு அருகே ஒரு மணி நேரம் நின்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதில் பிள்ளை கூடுதலாகக் கற்பாள். தேநீர் இடைவேளையில் ரோல்ஸ் தட்டுடன் மூலைக்குப் போய்விடாமல் நாலு பேரிடம் பேசச் சொல்லுங்கள். உணவு, மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடங்களில் இருந்து வருபவர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம், "வேண்டாம்" என்றுகூட. ஏற்கெனவே கடனட்டை விபரம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே வங்கியுடன் பேசுங்கள். சுருக்கத்தின் முதல் வரைவை எழுதிக்கொண்டு மகள் மேற்பார்வையாளரைச் சந்திக்கட்டும். அதற்கு முன் கடவுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழையும் மேசையில் வைத்து, இனி எந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று நீங்கள் இருவரும் இருந்து முடிவெடுங்கள்.