அப்பாவுக்குக் கால் போனதுக்கு மகள் ஏன் ஜார்ஜியா போகணும்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் படிப்புக்கு யோசனை கேட்டு மார்த்தாண்டத்துக்கு என்னைப் பார்க்க வந்தது. அம்மா, மகள், அம்மாவின் அண்ணன். அப்பா வரவில்லை. ஆட்டோவில் ஏறி இறங்குவது இப்போது அவருக்குச் சிரமம். (இதை எழுத அவர்களிடம் கேட்டுவிட்டேன், ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியும் இருக்கிறேன்.)

அப்பா பதினெட்டு வருஷம் சவுதியில் லாரி ஓட்டியவர். சர்க்கரை உண்டு. ஷூ கடித்த புண்ணை, லீவு போட்டால் சம்பளம் போகும் என்று துணியைச் சுற்றிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஊருக்கு வந்து சேர்ந்தபோது இடது காலை முட்டுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றாகிவிட்டது. அதே மாதம்தான் மகளுக்கு இரண்டாவது தடவை நீட் ரிசல்ட் வந்தது. தகுதி மதிப்பெண் தாண்டியிருந்தாள், இங்கே சீட் கிடைக்கும் அளவுக்கு இல்லை. அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள், அப்பாவைக் கவனித்துக்கொண்டு.

அம்மா உட்கார்ந்ததும், "எங்க குடும்பத்துக்கு யாரு கண்ணு பட்டுதோ சார்" என்று ஆரம்பித்து அழுதுவிட்டார். நானும் முதல் பத்து நிமிஷம் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன்: காலம் மாறும், பிள்ளை கெட்டிக்காரி, தைரியமா இருங்க. அப்புறம் மாமா பையிலிருந்து ஒரு பளபளப்பான கலர் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஜார்ஜியாவில் மருத்துவம், ஆறு வருஷம், சாப்பாடு தங்குமிடம் எல்லாம் சேர்த்து 30 லட்சம். அதில் 10 லட்சத்துக்கு 40 சென்ட் ரப்பர் தோட்டத்தின் பத்திரத்தை அடகு வைப்பது, மீதிக்கு பேங்க் லோன். ஏஜெண்டுக்கு முன்பணம் செவ்வாய்க்கிழமைக்குள் கொடுத்தால் ஏதோ தள்ளுபடியாம்.

ஆறுதல் சொல்வதை அதோடு நிறுத்திவிட்டேன்.

அந்த 40 சென்ட்டில் எண்பது மரம் நிற்கிறது. அப்பா விழுந்தபிறகு அம்மாவே விடியக்காலம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறார். அவர்கள் என்னைப் பார்க்க வந்தது இலை உதிர்ந்து வெட்டை நிறுத்தியிருந்த சமயம், அதாவது அந்த வருமானமும் இல்லாத சமயம். மழைக்காலத்திலும் பாதி நாள் வெட்டு நடக்காது. இந்த எண்பது மரத்தை நம்பித்தான் அப்பாவின் இன்சுலினும் அரிசியும் ஓடுகிறது. அதைக் கொண்டுபோய் அடகு வைக்கலாம் என்று ஒரு தாய்மாமன் சொல்கிறார். நல்ல மனுஷன்தான், தங்கச்சி மேல் பாசமும் உண்டு, ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

கணக்கை அவர்கள் முன்னாடியே காகிதத்தில் போட்டேன். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினாலே பேங்க் சொத்து ஜாமீன் கேட்கும். தோட்டம் ஏற்கெனவே அடகில் போனபிறகு வேறு எதைக் கொடுப்பீர்கள், குடியிருக்கிற வீட்டையா? 20 லட்சமும் வாங்கி முடித்தபின் 11 சதவீதம் என்று வைத்தால்கூட மாதம் வட்டி மட்டும் 18,000 சொச்சம். சரி, பிள்ளை படித்து வந்தால் அடைத்துவிடுவாள் என்கிறீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிப்பு, அங்கேயே 12 மாதம் பயிற்சி, திரும்பி வந்தால் தகுதித் தேர்வு, அதில் தேறினால் இங்கே இன்னும் ஒரு வருஷம் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். சமீப வருஷங்களில் பல முறை, எழுதியவர்களில் நாலில் ஒருத்தர்கூடத் தேறவில்லை. கலர் புத்தகத்தில் இதைத் தேடிப் பார்த்தேன், ஒரு வரி இல்லை. போய்ப் படித்து நன்றாக வந்தவர்களை எனக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் ஒரு தடவை தோற்றாலும் தாங்குகிற பணம் இருந்தது.

பணத்தைவிட என்னைக் கோபப்படுத்தியது வேறொன்று. "இத்தனை அடி விழுந்தபிறகு ஊருல ஒருக்க தலை நிமிந்து நடக்கணும் சார்" என்றார் மாமா. அதாவது அப்பாவின் கால் போனதையும் மகள் நீட்டில் பின்தங்கியதையும் ஒரே சேர ஊர் மறக்க வேண்டும், அதற்கு வாசலில் 'டாக்டர்' போர்டு தொங்க வேண்டும். கால் போவது ஒரு சாவு மாதிரிதான். அந்த வீட்டில் பதினெட்டு வருஷச் சம்பளம் நின்றிருக்கிறது, வீட்டுத் தலைவர் கட்டிலிலிருந்து கூப்பிட்டு தண்ணீர் கேட்கிற ஆளாகிவிட்டார், சொந்தக்காரர்கள் வந்து கால் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஜூஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார்கள். அடி விழுந்த வருஷத்தில் சொத்தை விற்காதே, கல்யாணம் பேசாதே என்பாள் எங்கள் அம்மச்சி. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் எடுக்கிற முடிவு, எடுக்கும்போது தைரியம் மாதிரிதான் இருக்கும்.

இவ்வளவு பேச்சிலும் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. "நீ சொல்லு மக்களே" என்றால் மாமாவைப் பார்க்கிறாள். சரி என்று பேச்சை மாற்றி, அப்பா செயற்கைக் கால் போட்டிருக்கிறாரா, எப்படி நடக்கிறார் என்று சும்மா கேட்டேன்.

பிடித்தாள் பாருங்கள். கால் போட்டு ஏழு மாதம் ஆகிறது, முதல் இரண்டு மாதம் நன்றாக நடந்தார், அப்புறம் மிச்சமிருக்கிற கால் சுருங்கி, அதை நுழைக்கிற கூடு லொடலொடத்துவிட்டது, இப்போது மூன்று சாக்ஸ் மாட்டித்தான் போடுகிறார், இறங்கும்போது மட்டும் முட்டு வெளிப்பக்கம் போகிறது, ராத்திரி கழற்றியதும் இன்ன இடத்தில் சிவந்திருக்கிறது. ஒரு ரூல் போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். சிவந்த இடத்தைப் பேனாவால் படம் வரைந்து குறித்திருக்கிறாள். பழைய ஹவாய் செருப்பைச் சீவி, ஓரத்தைத் தீக்குச்சி கனத்துக்கு இழைத்து, கூட்டின் உள்ளே ஒட்டியும் பார்த்திருக்கிறாள். (அது தப்பு. சர்க்கரைக்காரர் தோலில் அப்படி எதையும் ஒட்டக் கூடாது, புண்ணாகும், அதை அப்போதே கண்டித்துச் சொன்னேன்.) ஆனால் எங்கே ஒட்ட வேண்டும் என்று அவள் கண்டுபிடித்த இடம் இருக்கிறதே, அது சரியான இடம்.

நர்சிங், பார்மசி, இன்ஜினியரிங் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல எல்லார் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருக்கிறார். நான் அன்று அவளிடம் சொன்னது பி.பி.ஓ., அதாவது செயற்கை உறுப்புகளும் உடல் தாங்கிகளும் செய்யும் பட்டப்படிப்பு. பெயரைக் கேட்டதும் மாமா, "கால் சென்டர் வேலையா?" என்று முகத்தைச் சுளித்தார். ஆமாம், ஒரு வகையில் கால் சென்டர்தான் என்றேன். பிள்ளை சிரித்துவிட்டாள், வந்ததிலிருந்து முதல் தடவையாக.

வேலை என்ன என்று விளக்கமாகவே சொல்கிறேன், யாரும் சொல்வதில்லை என்பதால். கால் எடுத்த ஒருவர் வந்தால் அந்த முண்டுக்காலைத் தொட்டுப் பார்த்து எலும்பு எங்கே தோலுக்கு அருகில் இருக்கிறது, எங்கே சதை தாங்கும் என்று குறிப்பார்கள். நனைத்த பிளாஸ்டர் துணியை அதன்மேல் சுற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் அவருடைய கால் அப்படியே வெள்ளைச் சிலையாக வெளியே வரும். இனிமேல்தான் கைவேலை. முட்டுச் சிரட்டைக்குக் கீழே இருக்கிற தசைநார் எடையைத் தாங்கும், அதனால் அந்த இடத்தில் சிலையைச் சீவிக் குழிக்க வேண்டும். எலும்பு முனை வலிக்கும் இடத்தில் பிளாஸ்டரை அப்பிப் புடைக்க வைக்க வேண்டும், அப்போதுதான் கூட்டில் அங்கே இடைவெளி கிடைக்கும். சில மில்லிமீட்டர் தப்பினால் அந்த மனுஷன் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்குப் போய்விடுவார். அப்புறம் பாலிபுரொப்பிலீன் ஷீட்டை அடுப்பில் குழைகிற பதத்துக்குச் சூடாக்கிச் சிலைமேல் போர்த்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் கூடு படிந்து நிற்கும். ஓரம் வெட்டி, இழைத்து, கீழே குழாயும் பாதமும் பொருத்தி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். குழாய் சாய்வு கொஞ்சம் மாறினாலும் முட்டு வெளிப்பக்கம் போகும். உன் நோட்டில் எழுதியிருக்கிறாயே, அதேதான் மக்களே.

முண்டுக்கால் முதல் வருஷத்தில் சுருங்கத்தான் செய்யும். சாக்ஸ் கூடிக்கொண்டே போனால் கூட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா தனக்குத்தான் நடக்கத் திராணி இல்லை என்று நினைத்துக் கட்டிலோடு இருந்துவிட்டார். நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, அடையாள அட்டையோடு போய்க் கூடு மாற்றக் கேளுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். ஜார்ஜியாவைவிட அவசரமான வேலை இது.

இந்தப் படிப்பில் கால் மட்டும் இல்லை. பக்கவாதம் வந்து பாதம் தொங்குபவருக்குக் கணுக்கால் தாங்கி, முதுகு வளைந்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கு பிரேஸ், வளைபாதத்தோடு பிறந்த குழந்தைக்கு மாவுக்கட்டெல்லாம் முடிந்தபின் நாலு வயது வரை ராத்திரி மாட்டுகிற ஷூ. அப்புறம் எம்.சி.ஆர். செருப்பு. காற்றுக் குமிழி நிறைந்த மெத்தென்ற ரப்பர் அது. உணர்ச்சி போன பாதத்தில் புண் வராமல் காக்க முதலில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், இப்போது சர்க்கரைக்காரர்களுக்கும் கொடுக்கிறார்கள். அதை நேரத்துக்குப் போட்டிருந்தால் இவள் அப்பாவுக்கு அந்தப் புண்ணே வராமல் இருந்திருக்கலாம். இதைச் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

நாலு வருஷம் படிப்பு, ஆறு மாதம் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ எடுத்து 50 சதவீதம் இருக்க வேண்டும். நீட் வேண்டாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் முட்டுக்காடு, கட்டாக் பக்கத்து ஒலட்பூர், கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களில் இருக்கிற தேசிய நிறுவனங்களில் இந்தப் படிப்பு உண்டு, பொது நுழைவுத் தேர்வு நடத்திச் சேர்க்கிறார்கள். அறிவிப்பு தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், பிளஸ் டூ தேர்வு முடிந்ததிலிருந்து வாரம் ஒருமுறை அந்த நிறுவனங்களின் இணையதளத்தைப் பாருங்கள், ஏஜெண்ட் யாரும் தேவையில்லை. தேர்வில் பெரும்பாலும் கேட்பது இவள் இரண்டு வருஷம் நீட்டுக்கு மண்டையை உடைத்துக்கொண்ட அதே இயற்பியல், வேதியியல், உயிரியல்தான். அந்தப் படிப்பு வீணாகவில்லை.

தனியார் கல்லூரிக்குப் போவதானால் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியும் இந்தப் படிப்பும் இருக்கிறதா. அந்தக் கழகத்தின் பதிவு எண் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. தோட்டத்தை வைத்துத்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்றால் இந்தப் படிப்புக்கும் போக வேண்டாம், என் யோசனை என்பதற்காகக் கணக்கு மாறிவிடாது.

சம்பளத்தையும் மறைக்கவில்லை. ஆரம்பத்தில் சாஃப்ட்வேர் பிள்ளைகள் வாங்குவதில் பாதிகூட வராது. ஆஸ்பத்திரி, தொண்டு நிறுவனம், செயற்கைக் கால் கம்பெனி, அரசு மையம் என்று இடங்கள் உண்டு, அனுபவம் வந்தபின் சொந்தமாகவும் வைக்கலாம். வேலை அழுக்கான வேலை, பிளாஸ்டர் தூசி, அரைக்கிற மெஷின் சத்தம், நாள் முழுக்க நிற்க வேண்டும். பெண்பிள்ளைக்கு ஆகுமா என்றார் மாமா. தொடைக்கு மேலே கால் எடுத்த ஒரு அம்மா அளவு கொடுக்க ஆணிடம் எவ்வளவு கூசுவார் என்று கேட்டேன், பதில் இல்லை.

இன்னொன்று. அவர்கள் தாத்தா நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவராம், அதிலிருந்துதான் வீட்டில் டாக்டர் ஆசை. அதே நெய்யூரில் வேலை பார்த்த சாமர்வெல் டாக்டரை நம்மூர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போய் முடியாமல் திரும்பிய வழியில் நெய்யூரைப் பார்த்தார், லண்டன் வேலை வாய்ப்பை விட்டார். 1924இல் மறுபடியும் போய் உச்சிக்கு ஆயிரம் அடி சொச்சம் இருக்கும்போது திரும்பி இறங்கினார், நெய்யூருக்கே வந்து வருஷக்கணக்கில் ஆபரேஷன் செய்தார். இரண்டு தடவை தோற்றவள் என்று பிள்ளையை அவள் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

செவ்வாய்க்கிழமை ஏஜெண்டுக்குப் பணம் போகவில்லை. மாமா இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார், ஃபோன் எடுப்பதில்லை. கூடு மாற்ற மனு கொடுத்தாகிவிட்டது, பிள்ளை நோட்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு போயிருக்கிறாள், அளவு எடுத்தவர் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாராம். அன்று என் வீட்டுப் படி இறங்கும்போது அம்மா மட்டும் திரும்பி நின்று மெதுவாகக் கேட்டார், "சார், இதுக்கும் வெள்ளைக் கோட்டு உண்டா?" உண்டு என்றேன். தினமும் துவைக்க வேண்டியிருக்கும், பிளாஸ்டர் கறை லேசில் போகாது என்றும் சொல்லி அனுப்பினேன்.