ஃபூஜி மலைப் பயணம் இருக்கட்டும்; ரிபோவை நிறுத்துங்கள்

கேள்வி: டோக்கியோ, நிஷி கசாயில் குடியிருக்கிறோம். நான் மென்பொருள் பொறியாளன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனைவி, எட்டு வயது மகளுடன் கவாகுச்சி ஏரிக்கரைக்குப் போய், ஒரு ரியோகான் விடுதியில் ஓர் இரவு தங்குவோம். ஃபூஜி மலையைப் பார்த்தபடி அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசிப்பதுதான் எங்களுக்கு உள்ள ஒரே பொழுதுபோக்கு. மனைவி மட்டும் சைவம். ஒரு பயணத்துக்கு 75,000 யென் ஆகிறது. அதைக் கிரெடிட் கார்டில் போட்டு, ரிபோ முறையில், அதாவது எவ்வளவு செலவானாலும் மாதம் ஒரே தொகை கட்டும் சுழல் கடனாக, மாதம் 20,000 யென் கட்டுகிறேன். பாக்கி 6 லட்சத்தைத் தொட்டுவிட்டது. சேமிப்புக் கணக்கில் 9 லட்சம் உண்டு. அதை நீசாவில், அதாவது வரியில்லா முதலீட்டுக் கணக்கில், போடச் சொல்கிறார் நண்பர். பயணமே வேண்டாம் என்கிறார் மனைவி. என்ன செய்யலாம்?

பதில்: பயணத்தின் மீது பழி போடாதீர்கள். உங்கள் பணத்தை அரிப்பது ரிபோ.

ஜப்பானில் ரிபோவுக்கு ஆண்டு வட்டி பொதுவாக 15 விழுக்காடு. 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 90,000; மாதம் 7,500. நீங்கள் கட்டும் 20,000-இல் அது போக அசலில் கழிவது 12,500 மட்டுமே. மூன்று மாதத்துக்கு ஒரு பயணம் என்றால் மாதத்துக்கு 25,000 புதுக்கடன் ஏறுகிறது. 12,500 இறங்கி 25,000 ஏறினால் பாக்கி எப்படிக் குறையும்? இன்றே பயணத்தை நிறுத்தினாலும், இதே வேகத்தில் கட்டி முடிக்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். உங்கள் கணக்கிலேயே இது இரண்டு பயணத்துக்கான பணம்.

எவ்வளவு செலவு செய்தாலும் மாதா மாதம் பிடிப்பது ஒரே தொகை என்பதால் வலி தெரிவதில்லை. ரிபோவில் பதிந்தால் சில ஆயிரம் பாயிண்ட் தருவதாக ஆசை காட்டுவார்கள். 7,000 பாயிண்ட் வாங்கியிருந்தாலும் அது உங்களுக்கு ஒரு மாத வட்டிக்குக்கூடக் காணாது. படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் இதில் விழுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பொறுக்கவில்லை.

9 லட்சத்திலிருந்து 6 லட்சத்தை எடுத்து மொத்தமாக அடைத்துவிடுங்கள். சேமிப்புக் கணக்கு உங்களுக்குத் தருவது அரை விழுக்காடுகூட இல்லை. கடனுக்குக் கொடுப்பதோ பதினைந்து. கட்டுவதற்கு முன் கார்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, அன்றைய தேதி வரை வட்டியோடு சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். தானாகவே ரிபோவுக்கு மாற்றும் பதிவு இருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள். அது இருக்கும்வரை, கடையில் 'இக்காய் பராய்', அதாவது ஒரே தவணை, என்று சொல்லிக் கொடுத்தாலும் செலவு ரிபோவில்தான் போய் விழும்.

நீசா நல்ல திட்டம்தான். 2024 முதல் ஆண்டுக்கு 36 லட்சம் யென் வரை போடலாம், லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் 15 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு பங்குச் சந்தை அதைவிட அதிகம் தரும் என்று நம்புவது விவேகம் ஆகாது. கடன் தீர்ந்து, கையிருப்பு மறுபடி 6 லட்சத்தைத் தொட்ட பிறகு யோசிக்கலாம். நண்பரிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். ரியோகானில் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதற்குள் அடக்கம். ஏரியில் பிடிக்கும் சின்ன வகசாகி மீனை முழுதாகப் பொரித்து வைப்பார்கள். பச்சை மீன் வரும், இறைச்சி வரும். அத்தனைக்கும் பணம் கட்டிவிட்டு உங்கள் மனைவி சோறும் ஊறுகாயும் டோஃபுவும் சாப்பிட்டு எழுந்திருக்கிறார் என்று ஊகிக்கிறேன். பயணம் வேண்டாம் என்று அவர் சொல்வதில் இதற்கும் பங்கு இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அந்த மண்ணின் சாப்பாடு விலை குறைந்த கடைகளிலேயே இருக்கிறது. கவாகுச்சி ஏரி இருக்கும் யமனாஷி மாநிலத்தின் ஹோதோ அப்படித்தான். பட்டையான கோதுமை நூடுல்ஸைத் தனியே வேகவைக்காமல், மிசோ என்னும் சோயா விழுதுச் சாற்றிலேயே பரங்கிக்காயோடு போட்டுக் கொதிக்கவிட்டு, இரும்புச் சட்டியோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். பரங்கி கரைந்து சாறு கெட்டியாகி, சட்டி நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் அதற்கு ஈடான சாப்பாடு அந்தப் பக்கம் கிடையாது. காய்கறிச் சட்டியாகத் தெரிந்தாலும் சாற்றில் நெத்திலி போன்ற காய்ந்த மீன் இருக்கலாம். மனைவிக்காக முன்பே விசாரித்துவிடுங்கள். பக்கத்து ஃபூஜியோஷிதாவில் யோஷிதா ஊதோன் கிடைக்கும். பல்லுக்கு வேலை வைக்கும் நூடுல்ஸ்; மேலே முட்டைக்கோஸ், பல கடைகளில் குதிரை இறைச்சி. பல கடைகள் மதியத்தோடு மூடிவிடும்.

டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். காலையில் போய் மாலையில் திரும்பினால், மூவருக்கும் பஸ்ஸும் சாப்பாடும் 20,000 யென்னை ஒட்டியே முடியும். தங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சனிக்கிழமையையும் நவம்பர் இலையுதிர் கூட்டத்தையும் தவிர்த்து, சாப்பாடு சேராத 'ஸுதோமாரி' அறை கேளுங்கள்.

கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த 20,000-இல் மாதம் 12,000 சேமிப்புக்கு, 8,000 தனிக் கணக்கில் பயணத்துக்கு. மூன்று மாதத்தில் 24,000 சேரும். அடுத்த ஹோதோவுக்கு அந்தக் கணக்கிலிருந்தே பணம் கொடுங்கள்.